‘இது எங்கள் துறை இல்லை’ என்று இனி எழுதாதீர்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி மேயர்களுக்கும், நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களுக்கும், ஆணையர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தால் இப்போதெல்லாம் ஆள் வருகிறார்கள். குப்பை அள்ளவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, நாய்த் தொல்லை, கொசுத் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கிறது. சென்னையில் 1913ஐ அழைத்தால் புகார் எண் தருகிறார்கள். மற்ற ஊர்களிலும் செயலி, வாட்ஸ்அப் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டது. மழைக்காலத்தில் உங்கள் ஊழியர்கள் படும் பாட்டை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம், அதற்கு நன்றி. ஆனால் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒலிபெருக்கி அலறுகிறது, வீட்டில் நோயாளி இருக்கிறார், தூங்க முடியவில்லை என்று ஒருவர் உங்களிடம் புகார் கொடுத்தால் அது எங்கே போய்ச் சேருகிறது? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு மாநகராட்சியின் விரிவாக்கப் பகுதியில் குடியிருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு வரும் புகார்களை மனுவாக எழுதி அனுப்புவது என் பொறுப்பு. தண்ணீர், சாலை, சாக்கடை பற்றி எழுதும்போது பதில் வரும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். சத்தம் பற்றிய மனுக்களை மட்டும் அந்த நம்பிக்கையோடு எழுத முடிவதில்லை. காரணம், அவை எப்படி மூடப்படுகின்றன என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் பின்பக்கச் சுவரை ஒட்டிப் பெரிய டீசல் ஜெனரேட்டர். சுவருக்கு இந்தப் பக்கம் வீடுகள். ஜெனரேட்டருக்குச் சத்தத்தை அடக்கும் இரும்புக் கூண்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கேயும் கூண்டு இருக்கிறது. 1000 கே.வி.ஏ. திறன் வரைக்குமான ஜெனரேட்டராக இருந்தால், கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அளக்கும்போது 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. ஆனால் முகூர்த்த நாட்களில் எஞ்சின் சூடேறுகிறது என்று கூண்டின் கதவுகளைத் திறந்து, கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டால் கூண்டு இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். அந்த வீடுகளில் ஒன்றில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் இருக்கிறார். இன்னொன்றில் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வீட்டுக்கு வந்து அவர் தூங்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடும் நாட்களில் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறார்.

புகார் கொடுத்தோம். செயலியில் சத்தத்துக்கென்று தலைப்பே கிடையாது. ‘பொது சுகாதாரம்’ என்பதற்குள் போய், அதில் ‘மற்றவை’ என்பதைத் தேர்ந்தெடுத்து எழுதினோம். இரண்டொரு நாளில் சுகாதார ஆய்வாளர் வந்தார், காலை பதினொரு மணி வாக்கில். அன்றைக்கு மண்டபத்தில் விசேஷம் எதுவும் இல்லை, ஜெனரேட்டரும் ஓடவில்லை. “இப்ப சத்தம் ஒண்ணும் இல்லையேங்க” என்றார். தன்மையான மனிதர், அவர் சொன்னதும் உண்மைதான். அன்று சாயங்காலமே ‘தங்கள் புகார் தீர்வு செய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்துவிட்டது.

அடுத்த முகூர்த்தத்துக்கு மறுபடியும் புகார் கொடுத்தோம். இந்தத் தடவை யாரும் வரவில்லை. ‘இது காவல்துறை தொடர்புடையது’ என்ற ஒற்றை வரியோடு மூடிவிட்டார்கள். காவல் நிலையத்தில் போய்க் கேட்டால், மைக் செட் என்றால் நாங்கள் பார்ப்போம், ஜெனரேட்டர் என்றால் மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றார்கள். வாரியத்துக்கு எழுதினோம். மண்டபத்துக்கு உரிமம் கொடுத்த உள்ளாட்சி அமைப்பை அணுகுங்கள் என்று பதில் வந்தது. மூன்று அலுவலகங்களில் எதுவுமே புகார் பொய் என்று சொல்லவில்லை. சத்தத்தை யாரும் அளக்கவும் இல்லை.

உங்கள் அலுவலர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. இந்தியாவில் இதற்கான சட்டம் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986இன் கீழ் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது, இரவில் திறந்த வெளியில் அறவே கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். இவற்றை நிறைவேற்றும் ‘அதிகாரி’ யார் என்று விதி சொல்லும்போது மாவட்ட ஆட்சியரை, காவல் ஆணையரை, காவல் துணைக் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரியைக் குறிப்பிடுகிறது. உங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ‘எங்கள் துறை இல்லை’ என்ற பதிலுக்கு ஆதாரம் இதுதான்.

ஆனால் அதே விதிகளின் 3ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். வளர்ச்சிக் குழுமங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் வளர்ச்சிப் பணிகளைத் திட்டமிடும்போதும், நகரமைப்புப் பணிகளைச் செய்யும்போதும், ஒலி மாசின் எல்லாக் கூறுகளையும் மக்களின் வாழ்க்கைத் தரத்தின் ஓர் அளவுகோலாகக் கருத வேண்டும் என்று அது சொல்கிறது. அங்கே உள்ளாட்சி என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. எந்த இடத்தில் மண்டபம் வரலாம், எந்தச் சந்தில் லேத் பட்டறை நடக்கலாம், மாவு மில்லுக்கும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் முடிவாகிறது. தொழில் உரிமம் கொடுப்பவர் நீங்கள், ஆண்டுதோறும் புதுப்பிப்பவரும் நீங்கள். தெருவை அடைத்துப் பந்தல் போட உங்களிடம்தான் வருகிறார்கள். ஒலிபெருக்கியைக் கட்டுகிற தெருவிளக்குக் கம்பம் பல இடங்களில் உங்களுடையது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு சத்தத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

காவல்துறை செய்ய வேண்டியது காவல்துறையின் வேலை, அதை நீங்கள் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அலறும் மைக் செட்டை நிறுத்த 100க்கோ 112க்கோதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறோம். வண்டி வருகிறது, சத்தம் குறைகிறது, வண்டி போனதும் மறுபடி ஏறுகிறது. ஒரு ராத்திரித் தொல்லைக்கு அது போதும். வாரா வாரம், மாதா மாதம் ஒரே இடத்திலிருந்து வரும் தொல்லைக்குப் போதாது. அதைத் தீர்க்க வேண்டுமானால் அந்த இடத்தின் உரிமத்தில், கட்டட வரைபடத்தில், நிபந்தனைகளில் கை வைக்க வேண்டும். அது காவலர் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

புகாரை அலுவலகம் விட்டு அலுவலகம் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி. அங்கே ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியும் இசைக்கருவிகளும் தாங்க முடியவில்லை என்று காலனியின் நலச்சங்கம் 1996 மே மாதம் மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கு எழுதியது. வாரியம் காவல் கண்காணிப்பாளருக்குக் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதம் ஒலி அளவு ஆய்வறிக்கையையும் சேர்த்து மறுபடி அனுப்பியது. அப்புறம் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு. 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. மற்றவர்களின் அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். இன்று நாடு முழுக்க எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஆனால் அந்தக் காலனிக்காரர்கள் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு தெருவின் பிரச்சினைக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் அலைந்து டெல்லி வரை போக வேண்டியிருந்தது. எல்லாத் தெருவிலும் அவ்வளவு பிடிவாதமான சங்கம் இருக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பேசாமல் வீட்டை மாற்றிக்கொண்டு போவார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.

இது ஒரு மதத்தைப் பற்றிய பேச்சும் அல்ல. ஆடி மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே அம்மன் பாட்டு வைக்கிறார்கள், கூம்பு ஒலிபெருக்கியில். பள்ளிவாசலிலிருந்தும் வருகிறது, ஜெபக்கூட்டத்திலிருந்தும் வருகிறது, கட்சிக் கூட்டத்திலிருந்தும் வருகிறது, காதுகுத்திலிருந்தும் வருகிறது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி விரிவாகத் தீர்ப்பளித்தபோது, பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஒலிபெருக்கி வைத்து அடுத்தவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று தெளிவாகவே சொன்னது. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அமைதியாக வாழ்வதும் அடக்கம் என்றது. சட்டத்தில் குழப்பம் இல்லை. புகாரை வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் குறை.

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் புகாரும் செத்துப்போகும் இடம் அதுதான். விதிகளின்படி, அனுமதிக்கப்பட்ட அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு மாதிரி கிடையாது. 55 என்பது 65 ஆனால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கிறது. 75 ஆனால் ஆற்றல் நூறு மடங்கு. ‘கொஞ்சம் கூடுதலா இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று சொல்லும்போது அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று யாருக்கும் தெரிவதில்லை. வெளியே 45 டெசிபலைத் தாண்டினால் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் தூக்கம் கெடும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டி வெளியிட்டது. நம் குடியிருப்புப் பகுதிக்கான இரவு வரம்பும் அதே 45தான். தூக்கம் தொடர்ந்து கெட்டால் ரத்த அழுத்தம், இதய நோய் வரை போகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைப் பொது சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்காமல் வேறெப்படிப் பார்ப்பது? கொசுவை எந்தத் துறை பார்க்கிறதோ அந்தத் துறை இதையும் பார்க்க வேண்டும்.

2011இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பில் சென்னையும் இருக்கிறது. தியாகராய நகர், பெரம்பூர், கிண்டி, திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் நாள் முழுக்க அளக்கும் கருவிகள் நிற்கின்றன. நகரத்தின் மொத்த இரைச்சல் எவ்வளவு என்று அவை சொல்லும். மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் ஜன்னலோரத்தில் எவ்வளவு என்று அவற்றால் சொல்ல முடியாது. அதற்கு ஒருவர் கையில் கருவியோடு வர வேண்டும், சத்தம் இருக்கும் நேரத்தில் வர வேண்டும். ஒரு மண்டலத்துக்கு முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஒரு கருவி, அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர், இரவு நேரத்துக்கு ஒரு ஷிப்ட், இவ்வளவுதான் கேட்கிறோம். கைபேசியில் அளக்கும் செயலி முறையான கருவிக்கு ஈடாகாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எந்த நாள், எந்த நேரம் வந்து அளப்பது என்று முடிவு செய்ய மக்கள் எழுதிவைக்கும் குறிப்பு உதவும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம், வீட்டின் எந்த அறை வரை கேட்டது என்று ஒரு படிவம் கொடுங்கள், நிரப்பித் தருகிறோம்.

பிரிட்டனில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் ஒலித் தொல்லையைப் பற்றி வரும் புகாரை விசாரிப்பதை உள்ளாட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது. புகார் வந்தால் முதலில் சத்தம் போடுபவருக்கு ஒரு கடிதம் போகும். புகார் கொடுத்தவரிடம் நாட்குறிப்புப் படிவம் தருவார்கள். தேவைப்பட்டால் வீட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டுப் போவார்கள். தொல்லை உண்மை என்று தெரிந்தால் தடுப்பு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். அதை மீறுவது குற்றம். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரையிலான சத்தத்துக்கு 1996இல் தனிச் சட்டமே போட்டார்கள். உள்ளாட்சி கையை விரித்தால் குடிமகன் நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம், உள்ளாட்சி மேல் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. நிதி நெருக்கடியில் இரவுநேரக் குழுக்களைக் குறைத்துவிட்ட உள்ளாட்சிகள் அங்கேயும் உண்டு, மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள் என்ற முறையீடுகளும் உண்டு. ஆனாலும் புகார் யாருடையது என்பதில் அங்கே சந்தேகம் இல்லை. நமக்கு முதலில் வேண்டியது அதுதான்.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. ஒலி மாசு விதிகளில் ‘அதிகாரி’ என்பதற்கான விளக்கம், மத்திய அரசோ மாநில அரசோ அதிகாரம் அளிக்கும் எவரும் என்றுதான் தொடங்குகிறது. ஆட்சியரும் காவல் அதிகாரியும் அதில் அடக்கம், அவ்வளவே. மாநில அரசு நினைத்தால் மாநகர நல அலுவலருக்கும் நகராட்சி ஆணையருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க முடியும். உங்கள் மன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டால் அரசு அதை எளிதில் தள்ளிவிட முடியாது. இன்னொரு வழியும் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. மக்களின் உடல்நலத்துக்கோ உடல் சுகத்துக்கோ கேடான தொழிலை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ கோட்டாட்சியர் உத்தரவு போடலாம் என்கிறது. காவல் அதிகாரியின் அறிக்கையோ வேறு தகவலோ கிடைத்தால் போதும். உங்கள் அலுவலர் சத்தத்தை அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒரு பக்க அறிக்கை அந்த ‘வேறு தகவல்’ ஆகாதா? நாங்கள் எழுதும் பத்து மனுவைவிட அந்த ஒரு பக்கத்துக்குக் கனம் அதிகம். சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் இப்போது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்திருக்கிறார்கள். அளந்த ஆதாரம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட விதிக்க முடியாது.

அடுத்து நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் மனசு வலிக்கும் விஷயம். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகிறது.

மண்டபத்தைப் பற்றி இரண்டாவது புகார் கொடுத்த ஒரு வாரத்துக்குள், அந்தச் செவிலியர் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். “நீங்கதானேம்மா கம்ப்ளெய்ன்ட் குடுத்தது? ஏரியாவுல எல்லாரும் வேணும்ல” என்றார்கள். அவர் பெயரும் கைபேசி எண்ணும் அவர்கள் கையில் இருந்தன. புகார் படிவத்தில் எழுதியது தவிர வேறு எங்கும் அவர் அதைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் மனு எதிலும் கையெழுத்துப் போடவில்லை. “வேண்டாம்ணா, நான் நைட் டியூட்டி முடிச்சுத் தனியா வர்றவ” என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில், ஒலிபெருக்கி பற்றிப் புகார் வந்தால் புகார்தாரரின் அடையாளத்தைத் துருவிக் கேட்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும், அடையாளம் தெரிந்தாலும் அதை எதிர்த் தரப்பிடம் சொல்லக் கூடாது என்று காவல்துறைக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு நம் மாநிலத்து உள்ளாட்சிகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாவிட்டால் என்ன, நல்ல வழக்கத்தைப் பின்பற்ற உத்தரவு எதற்கு? புகார்ப் பதிவில் பெயரும் எண்ணும் களப்பணியாளர் பார்வைக்கே போகாதபடி செய்வது பெரிய தொழில்நுட்பம் அல்ல. இடம், நேரம், சத்தத்தின் வகை ஆகிய மூன்றும் அவருக்குப் போதும். வார்டு உறுப்பினர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் உதவிக்கு இருப்பவர்கள் வழியாகத்தான் பல நேரம் இந்தத் தகவல் போகிறது. சமாதானம் பேசி வைக்கலாம் என்ற நல்ல எண்ணத்தில்கூட இருக்கலாம். ஆனால் ராத்திரி தனியாக வீடு திரும்பும் ஒரு பெண்ணின் எண்ணை மண்டபக்காரரிடம் கொடுத்த பிறகு அதற்குப் பெயர் சமாதானம் இல்லை.

நடவடிக்கை எடுக்கத் தொடங்கினால் அது யார் தலையில் விழும் என்ற கவலையும் எனக்கு உண்டு. சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் வட்டிக்குக் கடன் வாங்கிப் பெட்டிகள் வாங்கியிருப்பார். வாடகைக்கு எடுத்தவர்கள் “இன்னும் ஏத்துண்ணே” என்றால் அவர் ஏற்றத்தான் வேண்டும். பறையடிப்பவர்களும் செண்டை மேளக்காரர்களும் ஒரு நாள் கூலிக்கு வந்தவர்கள். கருவியைப் பிடுங்கிக்கொண்டு போவது அதிகாரிகளுக்கு எளிது, ஆனால் பிழைப்புப் போவது இவர்களுக்கு. மண்டபத்தின் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை மீறினால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் ஒலியைக் குறைக்கச் சொல்லி மேனேஜரே மேடைக்கு ஓடுவார். சாவு வீட்டில் ஒரு நாள் மேளம் கேட்பதற்கும், ஊர்த் திருவிழாவில் மூன்று நாள் பாட்டுக் கேட்பதற்கும் எங்கள் தெருவில் யாரும் புகார் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. எங்களைப் படுத்துவது தொடர்ந்து, ஒரே இடத்திலிருந்து, லாபத்துக்காக வரும் சத்தம்.

உங்கள் சொந்த வீட்டிலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் சமுதாய நலக்கூடங்களை வாடகைக்கு விடுகின்றன. ஏழை வீட்டுக் கல்யாணங்களுக்கு அவை பெரிய உதவி, அவற்றை மூடச் சொல்லவில்லை. வாடகை ரசீதிலேயே இரவு 10 மணி என்ற வரியை அச்சடித்து, முன்பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்று பிடித்து வைத்தால் தனியார் மண்டபங்களிடம் பேச உங்களுக்குத் தெம்பு வரும். காலை ஆறு மணிக்கு முன்னால் விழிப்புணர்வுப் பாட்டு போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டிகளின் ஒலியைக் குறைக்க ஒரு வாய்மொழி உத்தரவு போதும். மழைநீர் வடிகாலுக்காக ராத்திரியில் சாலையை உடைக்க வேண்டியிருந்தால், பகலில் போக்குவரத்தை நிறுத்த முடியாது என்று எங்களுக்குப் புரிகிறது. எந்தெந்த ராத்திரி என்று முன்கூட்டியே தெருமுனையில் ஒரு பலகை வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் அந்த ராத்திரிகளில் எங்காவது போய்க்கொள்வார்கள்.

2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. எங்கள் வார்டிலும் கூடின. தண்ணீர், சாலை, விளக்கு பற்றியெல்லாம் பேச முடிந்தது. சத்தம் பற்றிப் பேச்சை எடுத்ததும் “அது போலீஸ் மேட்டர்ங்க, அடுத்தது சொல்லுங்க” என்று தாண்டிப் போய்விட்டார்கள். இனிமேல் தாண்டாதீர்கள். புகார்த் தலைப்புகளில் ‘ஒலித் தொல்லை’ என்பதைச் சேருங்கள். சத்தம் கேட்கும் நேரத்தில் வந்து அளக்காமல் எந்தப் புகாரையும் மூடுவதில்லை என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். காவல்துறைக்கோ வாரியத்துக்கோ அனுப்ப வேண்டிய புகார் என்றால் மூடாமல் நீங்களே அனுப்பி, அதன் நகலை எங்களுக்குக் கொடுங்கள், பதில் வரும் வரை உங்கள் பதிவேட்டில் திறந்தே வையுங்கள். நல அலுவலருக்கு ஒலி விதிகளின் கீழ் அதிகாரம் தரக் கேட்டு மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.

தீர்மான வரைவு எங்கள் சங்கத்திடம் தயாராக இருக்கிறது. எந்த மன்றமும் தன் ஊர்ப் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் அதைக் கொண்டுவரப்போகும் உறுப்பினர் யார் என்று மட்டும் சொல்லுங்கள், அன்றைக்குப் பார்வையாளர் பகுதியில் வந்து உட்காருகிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச்சங்கத்துக்காக மனு எழுதும் ஒருவன்